சமோவா ரக்பி பிளேயரோட கரியர் எப்படி ஓடுது? புதுசா பாக்குறவங்களுக்கு ஒரு விளக்கம்

ரக்பி புதுசா பாக்க ஆரம்பிச்ச யாருக்கும் ஒரு கட்டத்துல இந்த டவுட் வந்தே தீரும். நியூசிலாந்து டீம் லிஸ்ட்ட பாத்தா மூணு நாலு சமோவன் பேரு இருக்கும், ஆஸ்திரேலியா டீம்லயும் இருக்கும், இங்கிலாந்து டீம்ல ரொம்ப வருஷம் துயிலாங்கின்னு ஒரு சமோவாக்காரர் ஆடிட்டு இருந்தாரு, சரி பிரான்ஸ் கிளப் மேட்ச் போடுவோம்னு போட்டா அங்கயும் சமோவாக்காரர் நிக்கிறாரு. ஆனா சமோவாங்கிற நாடு மட்டும் உலகக் கோப்பைல கால் இறுதிய தாண்டுனதே இல்ல, அந்த கால் இறுதிக்கே 1995க்கு அப்புறம் போகல. இத்தன பேர் இருந்தும் ஏன் இப்படி?

ஒரு சமோவா பிளேயரோட கரியர் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சா இது தானா புரியும். சுருக்கமா சொல்லணும்னா, அவருக்கு சம்பளம் குடுக்குறது எல்லாமே வெளிநாட்டு கிளப், சொந்த நாட்டு ஜெர்சிய போட்டா அவருக்கு காசு வர்றதுக்கு பதிலா போறதுக்கு தான் சான்ஸ் அதிகம். கரியர்ல ஒவ்வொரு திருப்பத்துலயும் இந்த ஒரு கணக்கு வந்து குறுக்க நிக்கும். இத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல ஊர பத்தி கொஞ்சம். சமோவா பசிபிக் கடல்ல, நியூசிலாந்துக்கு வடகிழக்க இருக்குற குட்டி தீவு நாடு. உபோலு, சவாயின்னு ரெண்டு பெரிய தீவு, தலைநகர் அபியா உபோலுல இருக்கு. ஜனத்தொகை சுமார் 2 லட்சம், அவ்ளோ தான். 1962 வரைக்கும் நியூசிலாந்து ஆட்சில இருந்துச்சு, அப்புறம் சுதந்திரம், 1997 வரைக்கும் பேரு மேற்கு சமோவா. பக்கத்துலயே அமெரிக்கன் சமோவான்னு தனியா ஒண்ணு இருக்கு, அது அமெரிக்கா கைல இருக்குற பகுதி, அந்த ஊர் பசங்க அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் தான் அதிகமா போவாங்க, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

இன்னொரு கணக்கு தான் இங்க முக்கியம். நியூசிலாந்துல குடியிருக்குற சமோவன் மக்களும் கிட்டத்தட்ட அதே 2 லட்சம் பேர். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் நியூசிலாந்து ஃபேக்டரிகளுக்கு ஆள் தேவைப்பட்டப்போ தீவுகள்ல இருந்து கூட்டமா போனாங்க, ஆக்லாந்து ஏரியாவுல செட்டில் ஆனாங்க. 1970கள்ல வேலை கொறைஞ்சதும் அதே அரசாங்கம் விசா முடிஞ்சவங்கள புடிக்கிறோம்னு விடியக்காலைல வீட்டு கதவ தட்டி போலீஸ அனுப்புச்சு, அதுக்கு 2021ல பிரதமர் ஜசிண்டா ஆர்டெர்ன் பொதுவுல மன்னிப்பு கேட்டாங்க. அந்த குடும்பங்கள்ல பொறந்த பசங்களும் பேரப்பசங்களும் தான் இப்போ நீங்க டிவில பாக்குற பாதி பேர். அதாவது சமோவா பிளேயர்னு சொன்னா ரெண்டு வகை, தீவுல பொறந்து வளந்தவர் ஒண்ணு, ஆக்லாந்துலயோ சிட்னிலயோ வளந்த சமோவன் ஒண்ணு. ரெண்டு பேரோட பாதையும் வேற.

ஆட்டத்த பத்தி ஒரே மூச்சுல சொல்லிடறேன். ரக்பி யூனியன்ல ஒரு பக்கம் 15 பேர், 80 நிமிஷம், எதிராளி கோட்டுக்கு அந்தப்பக்கம் பந்த தரைல வச்சா டிரை, அதுக்கு 5 பாயின்ட், அப்புறம் கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 2, பெனால்ட்டி உதைச்சா 3. 7 பேர் ஆடுறது செவன்ஸ், 13 பேர் ஆடுறது ரக்பி லீக், லீக்ங்கிறது விதிமுறைலயே தனி விளையாட்டு. இந்த கட்டுரை முக்கியமா 15 பேர் ஆட்டத்த பத்தி.

சமோவாவுக்கு ரக்பிய கொண்டு வந்தது 1920கள்ல கத்தோலிக்க மாரிஸ்ட் பிரதர்ஸ். மொத இன்டர்நேஷனல் மேட்ச் 1924ல அபியால, ஃபிஜி கூட. காலைல 7 மணிக்கு வச்சாங்களாம், ஏன்னா மேட்ச் முடிச்சிட்டு சமோவா பிளேயர்ஸ் வேலைக்கு போகணும். கிரவுண்டுக்குள்ளயே பெரிய மரம் ஒண்ணு நின்னுச்சு, அத சுத்தி தான் ஆடுனாங்க, ஃபிஜி 6-0னு ஜெயிச்சுச்சு. மேட்ச் ஆடிட்டு வேலைக்கு போற அந்த நிலைமை அடுத்த எழுபது வருஷம் பெருசா மாறலங்கிறது தான் விஷயம்.

1987ல மொத உலகக் கோப்பை நடந்தப்போ ஃபிஜியையும் டோங்காவையும் கூப்பிட்டாங்க, சமோவாவ கூப்பிடல. 1991ல தகுதி பெற்று வந்தாங்க, வந்த மொத மேட்ச்லயே வேல்ஸ் டீம அவங்க சொந்த ஊர் கார்டிஃப்ல வச்சு 16-13னு சாய்ச்சாங்க. நல்லவேளை மேற்கு சமோவா மட்டும் வந்துச்சு, முழு சமோவாவும் வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு வேல்ஸ் ரசிகர்களே அப்புறம் ஜோக் அடிச்சாங்க, அது இன்னைக்கும் சுத்திட்டு இருக்கு. அந்த டீமோட கேப்டன் பீட்டர் ஃபாடியாலோஃபா, ஆக்லாந்துல பியானோ தூக்கி வீடு மாத்திக் குடுக்குற வேலை பண்ணவர். நெஜமாவே பியானோ. அர்ஜென்டினாவையும் அடிச்சு கால் இறுதிக்கு போனாங்க, 1995லயும் போனாங்க.

1995 ஆகஸ்ட்ல ரக்பி யூனியன் அதிகாரபூர்வமா புரொஃபஷனல் ஆட்டமா மாறுச்சு. அதுவரைக்கும் யாருக்குமே சம்பளம் கிடையாது (கள்ளத்தனமா குடுத்தது வேற கதை), அதனால பெரிய நாடு சின்ன நாடு எல்லாருக்கும் ஓரளவு ஒரே தரை. காசு உள்ள வந்ததும் அந்த தரை சாய்ஞ்சுது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா சேர்ந்து சூப்பர் 12 லீக் ஆரம்பிச்சாங்க, 1996ல மொத சீசன், அதுல சமோவாவுக்கு எடம் இல்ல. ஐரோப்பால கிளப்புங்க காசோட காத்துட்டு இருந்துச்சு. சமோவாவுக்குள்ள ஒரு பிளேயருக்கு முழுநேர சம்பளம் குடுக்குற லீக் அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. 2 லட்சம் பேர் இருக்குற நாட்டுல டிவி உரிமைய யார் காசு குடுத்து வாங்குவா? அதனால புரொஃபஷனல் ஆகணும்னா கெளம்பணும், வேற வழியே கிடையாது.

நம்ம ஆளுங்களுக்கு புரியுற மாதிரி சொன்னா வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்ட நெனச்சுக்கோங்க. குட்டி தீவுகள், போர்டுகிட்ட காசு இல்ல, பிளேயர்ஸ் உலகம் பூரா லீக் ஆடுறாங்க, ஊருக்கு ஆட ஏன் வரலன்னு ஜனங்க திட்டுறாங்க. ஒரே ஒரு வித்தியாசம், கெய்ல் இங்கிலாந்துக்கு ஆடிடுவாரோன்னு யாரும் பயப்படல. சமோவால அந்த பயம் நெஜம்.

கெளம்புற பாதை

தீவுல வளர்ற பையனுக்கு ரக்பி கிராமத்துல இருந்தே ஆரம்பிக்கும், ஒவ்வொரு கிராமத்துக்கும் டீம் இருக்கும், சாயங்காலம் ஆனா மைதானத்துல வெறுங்கால்ல ஆடிட்டு இருப்பாங்க. சண்டே சர்ச், அதுல காம்ப்ரமைஸே இல்ல. (மைக்கேல் ஜோன்ஸ்னு ஒரு ஜாம்பவான், அவர் சண்டே மேட்ச்னா நியூசிலாந்துக்கே ஆடமாட்டேன்னு சொன்னவர், அவருக்கு அப்புறம் வருவோம்.) கொஞ்சம் நல்லா ஆடுறவன்னு பேர் வந்தா அபியா ஸ்கூல்ல இருந்து ஆக்லாந்து ஸ்கூலுக்கு ஸ்காலர்ஷிப்ல போறது ஒரு வழி. நியூசிலாந்துல ஸ்கூல் ரக்பி சாதாரண விஷயம் கிடையாது, பெரிய ஸ்கூல் மேட்ச் டிவில வரும், மாகாண டீம்களோட ஆளுங்க ஓரமா நின்னு நோட் பண்ணிட்டு இருப்பாங்க. ஸ்கூல் முடிஞ்சா மாகாண அகாடமி, அப்புறம் மாகாண டீம், அதுக்கு மேல சூப்பர் ரக்பி (மேல சொன்ன சூப்பர் 12 லீக் தான், பின்னாடி பேரு மாறுச்சு). ஒவ்வொரு படிலயும் பாதிக்கு மேல கழிஞ்சிடுவாங்க.

இங்க தான் மொத கணக்கு வருது. நியூசிலாந்து சூப்பர் ரக்பி டீம்கள் ரொம்ப வருஷமா ஆல் பிளாக்ஸுக்கு (அதான் நியூசிலாந்து தேசிய டீம்) ஆட தகுதி இருக்குறவங்கள தான் முக்கியமா எடுப்பாங்க, மத்தவங்களுக்கு ஒண்ணு ரெண்டு எடம் தான் விதிப்படி இருந்துச்சு. 20 வயசு பையன் சமோவாவுக்கு ஒரு மேட்ச் ஆடுனான்னு வைங்க, 2022க்கு முன்னாடி வரைக்கும் அந்த நிமிஷமே ஆல் பிளாக்ஸ் கதவு மூடிடும், அதோட சூப்பர் ரக்பி கான்ட்ராக்ட் கெடைக்குற வாய்ப்பும் சுருங்கிடும். வீட்டுல அம்மா அப்பா, கூடப்பொறந்தவங்க, தாத்தா பாட்டி எல்லாரும் இவன் சம்பளத்த எதிர்பாத்துட்டு இருக்கும்போது அவன் என்ன முடிவு எடுப்பான்? "சமோவா மேல பாசம் இல்ல"ன்னு சோஃபால உக்காந்துட்டு டைப் பண்றது ஈஸி.

யாருக்கு ஆடலாம், யாருக்கு ஆடக்கூடாது

ரக்பில ஒரு நாட்டுக்கு ஆட பாஸ்போர்ட் அவசியமில்ல, புதுசா வர்றவங்க நெறைய பேர் இதுல தான் குழம்புவாங்க. அங்க பொறந்திருக்கணும், இல்ல அப்பா அம்மா தாத்தா பாட்டில ஒருத்தர் அங்க பொறந்திருக்கணும், இல்ல அந்த நாட்டுல தொடர்ந்து இத்தன வருஷம் குடியிருந்திருக்கணும். அந்த குடியிருப்பு கணக்கு முன்னாடி 3 வருஷம், இப்போ 5 வருஷம். ஆக்லாந்துல பொறந்த சமோவன் பையனுக்கு நியூசிலாந்து, சமோவா ரெண்டுமே ஓப்பன். பாட்டி டோங்காவுல பொறந்தவங்கன்னா மூணாவதா டோங்காவும்.

பழைய காலத்துல ரெண்டு நாட்டுக்கும் மாறி மாறி ஆடலாம். மேல சொன்ன மைக்கேல் ஜோன்ஸ் 1986ல மேற்கு சமோவாவுக்கு ஒரே ஒரு டெஸ்ட் (ரக்பில சர்வதேச மேட்ச்ச அப்படித்தான் சொல்வாங்க) ஆடிட்டு அடுத்த வருஷமே நியூசிலாந்துக்கு உலகக் கோப்பை ஜெயிச்சாரு. ஃபிராங்க் பன்ஸ் 1991 உலகக் கோப்பைல சமோவா ஜெர்சி, 1992ல ஆல் பிளாக் ஜெர்சி. ஸ்டீஃபன் பாசாப் அதுக்கும் மேல, சமோவா, அப்புறம் ஆல் பிளாக்ஸ், திரும்ப 1999ல சமோவா. 2000 வாக்குல இத டைட் பண்ணாங்க, ஒரு நாட்டுக்கு ஆடியாச்சுன்னா வாழ்நாள் பூரா அந்த நாடு தான். கேக்க நியாயமா இருக்கும், ஆனா நடந்தது என்னன்னா பெரிய நாடு ஒரு சமோவன் பையன ரெண்டு மூணு மேட்ச்ல ஆடவிட்டுட்டு கழட்டி விட்டாலும் அவன் சமோவாவுக்கு திரும்ப முடியாது. இருவது வயசுல போட்ட ஒரு ஜெர்சிக்காக முப்பது வயசு வரைக்கும் சர்வதேச மேட்ச் வீட்டு டிவில தான். நடுவுல செவன்ஸ் ஒலிம்பிக் வழியா நாடு மாறுறதுக்கு ஒரு சந்து தெறந்துச்சு, ஆனா அது ரொம்ப சுத்துவழி.

2022 ஜனவரில இருந்து ரூல் மாறிடுச்சு. கடைசியா ஆடி 3 வருஷம் சும்மா இருந்தா, ஒரே ஒரு தடவ, பொறந்த நாட்டுக்கோ அப்பா அம்மா தாத்தா பாட்டி பொறந்த நாட்டுக்கோ மாறிக்கலாம். இத கேட்டு ரொம்ப வருஷமா கத்திட்டு இருந்தது பசிபிக் பிளேயர்ஸ் தான். பலன் 2023 பிரான்ஸ் உலகக் கோப்பைலயே தெரிஞ்சுது. 2015ல நியூசிலாந்தோட உலகக் கோப்பை ஜெயிச்ச சார்லி ஃபாவுமுயினா, ஆல் பிளாக் லிமா சோபோவாங்கா, லுகேமியா வந்து மீண்டு 2019 உலகக் கோப்பைல ஆஸ்திரேலியாவுக்கு ஆடுன கிறிஸ்டியன் லெயாலிஃபானோ, இவங்க எல்லாம் அந்த வருஷம் சமோவா டீமுக்கு வந்தாங்க. அந்த டீம் இங்கிலாந்துகிட்ட 18-17னு ஒரு பாயின்ட்ல தோத்துச்சு. ஒரு பாயின்ட்! அந்த மேட்ச்ச இன்னொரு தடவ பாக்க எனக்கு மனசு வரல.

இங்க ஒரு விஷயத்துல நான் கூட்டத்தோட சேரமாட்டேன். "நியூசிலாந்து சமோவா பிளேயர்ஸ திருடுது"ன்னு சொல்றது பாதி தான் உண்மை. பிரையன் வில்லியம்ஸ், தானா உமாங்கா, கெவன் மேயாலாமு எல்லாம் நியூசிலாந்துலயே பொறந்தவங்க, அவங்க ஊர் அது, அந்த ஊருக்கு ஆடுனாங்க. மறுபக்கம் பாத்தா சமோவா டீம்லயே எப்பவும் ஒரு பெரிய பங்கு நியூசிலாந்துல பொறந்து அந்த ஊர் ஸ்கூல்ல கத்துக்கிட்டு வந்தவங்க தான். ஜெரி காலின்ஸ், மில்ஸ் முலியாயினா மாதிரி சமோவால பொறந்து சின்ன வயசுல குடும்பத்தோட போனவங்கள எந்த கணக்குல வைப்பீங்க? சோஓயாலோ அண்ணன் தம்பில ரோட்னி ஆல் பிளாக்ஸ், ஸ்டீவன் சமோவா, ஒரே வீடு. பிரையன் வில்லியம்ஸ் கதை இன்னும் விசித்திரம், 1970ல 19 வயசுல ஆல் பிளாக்ஸ் கூட தென்னாப்பிரிக்கா போனாரு, நிறவெறி ஆட்சி நடந்த காலம், அவர உள்ள விடுறதுக்கு "கௌரவ வெள்ளையர்"னு ஒரு முத்திரை குத்துனாங்க. அதே மனுஷன் 1991ல சமோவா டீமுக்கு ஆலோசகரா வந்து வேல்ஸ அடிக்க வச்சாரு.

துயிலாங்கி வீடு

இவ்ளோ நேரம் சொன்னது எல்லாத்தையும் ஒரே வீட்டுல பாக்கணும்னா சவாயி தீவுல ஃபடவுசி-ஃபோங்காபோவா கிராமத்து துயிலாங்கி சகோதரர்கள பாக்கலாம். மூத்தவர் ஃப்ரெடி மொதல்ல இங்கிலாந்துல ரக்பி லீக் ஆடுனாரு, ஹாலிஃபாக்ஸ், செயின்ட் ஹெலன்ஸ்னு. அப்புறம் 2000ல யூனியனுக்கு மாறி லெஸ்டர் டைகர்ஸ்ல சேர்ந்தாரு. அவ்ளோ தான், கதவு தெறந்தாச்சு. அடுத்தடுத்து ஹென்றி, அலெசானா, அனிடெலேயா, வாவாயே, கடைசில மனு, ஆறு பேரும் லெஸ்டர்ல ஆடியிருக்காங்க. இப்படித்தான் சமோவா கரியர் பெரும்பாலும் ஓடும், ஒருத்தர் மொதல்ல போவாரு, ஒரு ரூம் எடுப்பாரு, தம்பிய கூப்பிடுவாரு, கிளப்ல சொல்லி வைப்பாரு. ஏஜென்ட்ட விட அண்ணன் தான் பெரிய ஏஜென்ட்.

ஹென்றி எட்டாம் நம்பர் (ஃபார்வர்டுகள்ல கடைசி ஆள்), அவர் பந்த எடுத்துட்டு ஓடி வந்தா குறுக்க நிக்கிறவங்களுக்கு வயித்த கலக்கும். லெஸ்டர் முடிச்சிட்டு பிரான்ஸ்ல பெர்பின்யான் போனாரு, அந்த கிளப் 2009ல பிரெஞ்சு சாம்பியன் ஆச்சு. அலெசானா விங்கர் (மைதானத்து ஓரமா ஓடுறவர்), லெஸ்டர்ல எட்டு வருஷம், அப்புறம் ஜப்பான், திரும்ப இங்கிலாந்து. 2011ல சிட்னில ஆஸ்திரேலியாவ 32-23னு சமோவா ஜெயிச்சுச்சே, சமோவா சரித்திரத்துலயே பெரிய வெற்றிகள்ல ஒண்ணு, அதுல அவர் டிரை அடிச்சாரு. இவங்க அஞ்சு பேரும் சமோவாவுக்கு ஆடுனவங்க.

ஆறாவது ஆள் மனு, கடைக்குட்டி. சின்னப் பையனா விசிட்டர் விசால அண்ணன் வீட்டுக்கு வந்தவர், அப்படியே தங்கிட்டாரு, அங்கயே ஸ்கூல், அங்கயே லெஸ்டர் அகாடமி. 2010ல விசா சரியில்லன்னு நாடு கடத்துற அளவுக்கு போச்சு, ரசிகர்கள் பிரச்சாரம் பண்ணி, மேல்முறையீடு எல்லாம் பண்ணி, தங்குறதுக்கு அனுமதி கெடைச்சுது. அடுத்த வருஷம் 2011 ஆகஸ்ட்ல இங்கிலாந்துக்கு மொத மேட்ச் ஆடுனாரு. அஞ்சு அண்ணன் சமோவா, ஒரு தம்பி இங்கிலாந்து. துரோகம்னு கொஞ்ச பேர் பேசுனாங்க, ஆனா வீட்டுல அப்படி எடுத்துக்கிட்டதா தெரியல. பதிமூணு வயசுல இருந்து வளந்த ஊர், சாப்பாடு போட்ட கிளப், அந்த வயசுல நாமளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்?

ஐரோப்பா சம்பளமும் வீட்டு கணக்கும்

ஆல் பிளாக்ஸ் ஆக முடியலன்னு தெரிஞ்சதும் பெரும்பாலான பிளேயர்ஸ் 22லருந்து 26 வயசுக்குள்ள ஐரோப்பா கெளம்பிடுவாங்க. இங்கிலாந்து பிரீமியர்ஷிப், பிரான்ஸ் டாப் 14, அதுக்கு கீழ புரோ டி2, ஜப்பான், இப்போ அமெரிக்கா லீக் கூட. டாப் 14ல ஒரு ஸ்டார் ஃபார்வர்டுக்கு நல்ல வாழ்க்கை உண்டு, சென்சஸ் ஜான்ஸ்டன், ஜோ டெகோரி மாதிரி ஆளுங்க துலூஸ்ல வருஷக்கணக்கா ஆடி கோப்பை மேல கோப்பை ஜெயிச்சாங்க. ஆனா அது மேல் தட்டு. கீழ புரோ டி2லயும் அதுக்கும் கீழ இருக்குற லீக்லயும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட்ல நெறைய பேர் ஓட்டிட்டு இருக்காங்க, முட்டி போச்சுன்னா கான்ட்ராக்ட் போச்சு, கான்ட்ராக்ட் போச்சுன்னா விசாவும் போச்சு, பிரெஞ்சும் தெரியாது, ஊருக்கு ஃபிளைட் டிக்கெட் எடுக்கவே யோசிக்கணும்.

பிரான்ஸ்ல இன்னொரு ரூல் இருக்கு, ஜிஃப்னு சொல்வாங்க, ஒவ்வொரு கிளப்பும் பிரான்ஸ் அகாடமில பயிற்சி எடுத்த பிளேயர்ஸ குறிப்பிட்ட எண்ணிக்கைல வச்சிருக்கணும். பிரெஞ்சு பசங்களுக்கு வாய்ப்பு குடுக்க கொண்டு வந்தது. ஆனா இதுக்கு பாஸ்போர்ட் தேவையில்ல, அங்க பயிற்சி எடுத்திருந்தா போதும், அதனால கிளப்புங்க என்ன பண்ணுச்சுன்னா தீவுகளுக்கே போய் டீன் ஏஜ் பசங்கள கூட்டிட்டு வந்து தன்னோட அகாடமில போட ஆரம்பிச்சிடுச்சு. பையனுக்கு நல்லதா கெட்டதான்னு ஒரே வார்த்தைல சொல்ல முடியாது, சில பேருக்கு லைஃப் செட்டில், சில பேர் இருவது வயசுல தனியா நின்னாங்க.

சம்பளம் வந்ததும் அது முழுசா அவரோடது கிடையாது. சமோவால குடும்பம்னா அம்மா அப்பா புள்ளைங்க மட்டும் இல்ல, ஐங்கான்னு சொல்ற பெரிய சொந்தக்கூட்டம், அதுக்கு தலைவரா மடாய். கல்யாணம், சாவு, சர்ச் கட்டடம், பட்டம் குடுக்குற விழா எதுனாலும் எல்லாரும் பங்கு போடணும், அதுக்கு ஃபாலவெலவேன்னு பேரு. வெளிநாட்டுல இருக்குறவங்க அனுப்புற பணம் சமோவா பொருளாதாரத்துல கால்வாசி அளவுக்கு வருது, ரக்பி பிளேயர்ஸ் அதுல ஒரு சின்ன பகுதி தான், ஆனா பேப்பர்ல சம்பளம் வர்றது அவங்களோடது மட்டும் தானே, அதனால எல்லார் கண்ணும் அவங்க மேல. இத வெறும் சுமைன்னு வெள்ளைக்கார பத்திரிகைகள் எழுதுறது எனக்கு ஒப்பாது, அந்த ஐங்கா தான் அவன மொதல்ல ஸ்கூலுக்கு அனுப்பி வச்சது, அவன் குடுக்குறதுல பெருமையும் இருக்கு. ஆனா கரியர் பத்து வருஷம் தாண்டுறதே கஷ்டமான ஒரு ஆட்டத்துல சேமிப்பே இல்லாம ரிடையர் ஆகுறது நெஜமான பிரச்சனை, அதையும் மறைக்க முடியாது.

சமோவா ஜெர்சி போட்டா என்ன கெடைக்கும்

2017 நவம்பர்ல இங்கிலாந்து, சமோவா மேட்ச் லண்டன் ட்விக்கன்ஹாம்ல. இங்கிலாந்து பிளேயர் ஒருத்தருக்கு அந்த மேட்ச்சுக்கு சுமார் 22,000 பவுண்டு, சமோவா பிளேயருக்கு சுமார் 650 பவுண்டுன்னு பத்திரிகைகள்ல வந்துச்சு. ஒரே மைதானம், அதே 80 நிமிஷம், அதே அடி. அந்த மேட்ச்சுக்கு கொஞ்ச நாள் முன்னாடி தான் சமோவா பிரதமரும் ரக்பி யூனியன் (இங்க யூனியன்னா ரக்பி போர்டு) தலைவருமா இருந்த துயிலாய்பா, யூனியன் திவாலாயிடுச்சுன்னு அறிவிச்சு ஜனங்ககிட்ட நன்கொடை கேட்டாரு. இங்கிலாந்து யூனியன் நல்லெண்ணமா 75,000 பவுண்டு குடுத்துச்சு. ட்விக்கன்ஹாம்ல 80,000 பேர் உக்கார முடியும், ஆனா டிக்கெட் காசு மொத்தமும் வீட்டுக்காரருக்கு தான், விருந்தாளிக்கு பங்கு கிடையாதுங்கிறது தான் ரக்பியோட ஏற்பாடு. பெரிய டீம்கள் சமோவாவுக்கு வந்து ஆடுனா தானே திருப்பி சம்பாதிக்க முடியும்? ஆல் பிளாக்ஸ் அபியாவுக்கு மொத தடவ வந்து டெஸ்ட் ஆடுனதே 2015ல தான்.

தப்பு முழுக்க வெளில இருக்குறவங்க மேலன்னு சொல்லவும் முடியாது. 2011 உலகக் கோப்பை முடிஞ்சதும் டீம் நிர்வாகத்து மேல கேப்டனே புகார் அறிக்கை குடுத்தாரு, டீம் மேனேஜருக்கு அவர் கிராமம் 100 பன்னி அபராதம் போட்டுச்சு (சமோவா கிராமத்துல அபராதம்னா அது சாதாரணம், ஆனா நூறு ரொம்ப ஜாஸ்தி). 2014ல இங்கிலாந்து மேட்ச்சுக்கு முன்னாடி யூனியன் நிர்வாகம் சரியில்லன்னு பிளேயர்ஸ் ஸ்டிரைக் பண்ற அளவுக்கு போனாங்க, பேச்சுவார்த்தைக்கு அப்புறம் தான் ஆடுனாங்க.

கிளப் பக்கம் இருந்தும் அழுத்தம் உண்டு. உலக ரக்பிங்கிற தலைமை அமைப்போட விதி 9ன்னு ஒண்ணு இருக்கு, சர்வதேச மேட்ச் நடக்குற வாரங்கள்ல கிளப் பிளேயர விட்டே ஆகணும். பேப்பர்ல அப்படி. நடைமுறைல கான்ட்ராக்ட் பேசும்போதே "நீ சமோவாவுக்கு போகாம இருந்தா கூட கொஞ்சம் தரலாம்"ங்கிற மாதிரி பேச்சு வரும்னு முன்னாள் சமோவா பிளேயர் டேன் லியோ பல வருஷமா வெளிப்படையா சொல்லிட்டு வர்றாரு, பசிபிக் பிளேயர்ஸ் நலனுக்கு ஒரு அமைப்பே ஆரம்பிச்சவர் அவர். பிளேயரே "எனக்கு ரெஸ்ட் வேணும்"னு சொல்லிட்டா விதி 9 என்ன பண்ணும்?

இதையெல்லாம் மீறி 15 வருஷம் ஆடுனவங்களும் இருக்காங்க. பிரையன் லிமா 1991ல 19 வயசுல ஆரம்பிச்சு 2007 வரைக்கும் அஞ்சு உலகக் கோப்பை, அத பண்ண மொத ஆள் உலகத்துலயே அவர் தான். பட்டப்பேரு கைரோபிராக்டர் (எலும்பு, மூட்டு சரி பண்றவர்), அவர் டேக்கிள் பண்ணா எலும்பு எடம் மாறும்னு அர்த்தம். 2003ல தென்னாப்பிரிக்காவோட டெரிக் ஹௌகார்டுக்கு குடுத்த அடிய யூடியூப்ல பாருங்க, அந்த மேட்ச்ச சமோவா தோத்துச்சுன்னு கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடி, உடம்புன்னே பேசிட்டு இருக்கோம்ல, அதுலயும் ஒரு வம்பு இருக்கு. "சமோவன்னாலே உடம்பு வாகு அப்படி"ன்னு கமென்டேட்டர்ஸ் ஈஸியா சொல்லிட்டு போயிடுவாங்க. அதோட விளைவு, சமோவன் பையன்னா ப்ராப், விங், சென்டர்னு மோதுற பொசிஷன்ல போடுறது, ஆட்டத்த நடத்துற பத்தாம் நம்பர்ல நம்பி போடாம இருக்குறது. ஆனா ஆட்டத்த மூளையால படிக்கிறதுல பேர் வாங்குன பாட் லாம் சமோவா கேப்டன் தான், 2000ல நார்தாம்ப்டன் கேப்டனா ஐரோப்பா கோப்பைய தூக்குனவர், கோச்சா 2016ல கனாட்ங்கிற சின்ன ஐரிஷ் டீமுக்கு லீக் பட்டம் வாங்கி குடுத்தவர்.

2022ல சூப்பர் ரக்பில மோவானா பசிபிகான்னு ஒரு டீம் வந்துச்சு, சமோவா, டோங்கா பிளேயர்ஸ முக்கியமா வச்சு. இருபத்தாறு வருஷம் லேட், அதுவும் ஆக்லாந்த மையமா வச்சு தான், ஆனா சமோவாவுக்கு ஆடுனா சூப்பர் ரக்பி வாய்ப்பு போயிடும்ங்கிற அந்த பழைய கணக்க மொத தடவ ஒடைச்சது இது தான். 2023ல அபியால ஒரு சூப்பர் ரக்பி மேட்ச்சும் ஆடுனாங்க. 2025 சீசனுக்கு ஆல் பிளாக்ஸ் ஸ்டார் ஆர்டி சவேயாவே அந்த டீமுக்கு வந்து ஆடுனாரு.

13 பேர் ஆடுற ரக்பி லீக் பக்கம் பாத்தா இன்னும் சுவாரஸ்யம். அங்க நாடு மாறுற ரூல் லூஸா இருக்கு, ஆஸ்திரேலியாலயே பெரிய சம்பளத்துக்கு ஆடிட்டு உலகக் கோப்பைக்கு சமோவாவுக்கு வரலாம். அதனால 2022ல நடந்த லீக் உலகக் கோப்பைல சமோவா செமி ஃபைனல்ல இங்கிலாந்த 27-26னு எக்ஸ்ட்ரா டைம்ல அடிச்சு ஃபைனல் வரைக்கும் போச்சு, அங்க ஆஸ்திரேலியாகிட்ட தோத்துச்சு. செவன்ஸ்லயும் 2009-10ல உலக தொடரையே ஜெயிச்சாங்க. திறமை எங்கயும் போகல, எந்த ஆட்டத்துல ரூலும் காசும் கொஞ்சம் வழி விடுதோ அந்த ஆட்டத்துல சமோவா மேல வந்துடுது.

ரிடையர் ஆனவங்க பல பேர் ஊருக்கு திரும்புறதில்ல, புள்ளைங்க பிரான்ஸ்லயோ இங்கிலாந்துலயோ ஸ்கூல்ல இருப்பாங்க, கோச்சிங், செக்யூரிட்டி, கட்டட வேலைன்னு போயிடும். சில பேர் திரும்புவாங்க. 2011ல அந்த புகார் அறிக்கை குடுத்த கேப்டன்னு சொன்னேன்ல, மஹோன்றி ஷ்வால்கர், யூனியனோட மல்லுக்கட்டுனவர், 2024ல அதே யூனியன் (இப்போ பேரு லாகாபி சமோவா) அவரயே தேசிய டீம் கோச்சா போட்டுச்சு.